பத்தாவது நாளில் வடிந்துபோகும் உற்சாகம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் மறுநாள் நாலு மணிக்கே எழுந்து படிக்க உட்கார்ந்துவிடுகிறேன். பத்து நாளில் எல்லாம் வடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. மூன்று வருஷமாக இப்படியே போகிறது. என்னிடம் என்ன குறை? தினமும் அதே உற்சாகத்தோடு இருப்பது எப்படி?"

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பல வருஷமாகக் கணக்குப் பகுதி எடுத்து வருகிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்று இதைக் கேட்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தினமும் அதே உற்சாகத்தோடு யாராலும் இருக்க முடியாது. எங்களிடம் படித்து இன்று கிராம நிர்வாக அலுவலராகவும் இளநிலை உதவியாளராகவும் இருப்பவர்களுக்கும் சலிப்பு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துக்கொண்ட ராத்திரிகள் அவர்களுக்கும் உண்டு. கடைசி வரை நின்று படித்தவர்களுக்கும் பாதியில் விட்டவர்களுக்கும் இடையே நான் பார்த்த பெரிய வித்தியாசம் ஒன்றுதான். நின்றவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது வாராவாரம் தெரிந்தது. விட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை. உழைக்கிறோம், ஆனால் நகர்ந்தோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் எந்த வேலையிலும் மனசு ஒட்டாது. உங்கள் கேள்வியில் நான் சோம்பேறித்தனத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாகத் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறவர் சோம்பேறியாக இருக்க முடியாது.

உங்கள் ஆபீஸ் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பில்லும் சரக்குக் கணக்கும் ஒத்துப்போனால் அன்றைய வேலை முடிந்தது என்று தெரியும். தப்பு இருந்தால் அக்கவுண்ட்ஸிலிருந்து உடனே கூப்பிடுவார்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வரும். பள்ளிக்கூடத்திலும் திருத்திய நோட்டு, மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு என்று யாராவது ஒருவர் நம் நிலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தேர்வில் அப்படி யாரும் இல்லை. 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முடிவு வந்தது 2023 மார்ச்சில். எழுதிய பிறகே எட்டு மாதக் காத்திருப்பு. படித்த காலத்தையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் நானூறு, ஐந்நூறு நாட்களுக்கு 'சரியாகத்தான் போகிறாய்' என்று சொல்ல எதுவுமே கிடையாது. இப்படிப்பட்ட இடத்திலிருந்து மனம் விலகப் பார்ப்பது இயல்பு.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் பேராசிரியர் தெரசா அமபிலேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 7 நிறுவனங்களில் வேலை பார்த்த 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. ஒருவர் நல்ல மனநிலையோடும் ஈடுபாட்டோடும் வேலை செய்த நாட்களில் வேறெதையும்விட அதிகமாகத் தென்பட்டது, அன்றைக்கு அவருடைய வேலை கொஞ்சமாவது முன்னேறியிருந்தது என்பதுதான். சின்ன முன்னேற்றமாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. எங்கள் வகுப்பில் நான் கண்டதும் இதுவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சதவீதக் கணக்கில் பத்துக்கு எட்டு சரியாகப் போட்டவர், அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

சரி, முதல் பத்து நாள் மட்டும் ஏன் நன்றாகப் போகிறது? பெரும்பாலோர் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பாடங்கள் சிறியவை, பாதி ஏற்கெனவே தெரிந்தவை. ஒரு நாளில் இரண்டு பாடம் முடிகிறது, 'டிக்' போடுகிறோம், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு வரும்போது ஒரு பாடத்துக்கே இரண்டு ராத்திரி ஆகிறது. போதாததற்கு, என்னதான் ஞாபகம் இருக்கிறது பார்ப்போம் என்று ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திருப்பினால் முக்கால்வாசி மறந்திருக்கிறது. பலர் படிப்பை விடுவது அந்த நாளில்தான். வெளியே 'ஆர்வம் போய்விட்டது' என்று சொல்வார்கள். உள்ளே நடந்தது வேறு: பத்து நாள் உழைப்பு காணாமல் போனதைப் பார்த்து மனசு உடைந்திருக்கிறது.

இதற்குக் காரணம் படிக்கும் முறை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் அதையே படிக்க வேண்டும். இன்னொரு பகுதியைப் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்த பகுதியில் 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்ததில் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ்: இரண்டு முறை படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. திரும்பத் திரும்ப வாசிப்பது அந்த நேரத்துக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிறைவைக் கொடுக்கும். ஒரு வாரத்தில் அதுவே நம்மை ஏமாற்றும். மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது அப்போது கஷ்டமாக இருக்கும், தப்பு தப்பாக வரும். ஆனால் நிற்பது அதுதான். அடிக்கோடு போட்டுக்கொண்டே பக்கம் பக்கமாகப் படிப்பவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது: ஒரு பாடத்தை ஒரு முறை படியுங்கள், உடனே மூடுங்கள், பத்துக் கேள்வி எழுதிப் பாருங்கள். மறுநாள் காலையில் அதே பத்து. நாலைந்து நாள் கழித்து இன்னொரு முறை. இப்படிச் செய்தால் மறதி வராது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு மறக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அதிர்ச்சியாக வந்து விழாது.

வீடியோக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரு மணி நேரம் அதைப் பார்க்கும்போது, பணி நியமன ஆணையை வாங்குவது, அப்பா அம்மா கண் கலங்குவது, ஊரில் மரியாதை கிடைப்பது எல்லாம் மனக்கண்ணில் ஓடுகிறது. காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களில், 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே எடை குறைந்தார்கள். ஆனால் மெலிந்த பிறகு எப்படி இருப்போம் என்று இனிப்பாகக் கற்பனை செய்து பார்த்தவர்களுக்குக் குறைந்தது கம்மிதான். முடியும் என்ற நம்பிக்கை ஒன்று, முடிந்துவிட்டது போலக் கனவு காண்பது வேறொன்று. கனவு மனசுக்கு வெற்றியின் ருசியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது, அப்புறம் எழுந்து உழைக்க வேகம் வருவதில்லை. வீடியோவை அடியோடு விடுங்கள் என்று சொல்லவில்லை. பார்த்தால் கணக்குப் போட்டுக் காட்டும் வீடியோவைப் பாருங்கள்.

இனி, உங்கள் இடத்தில் இருந்தால் எங்கே ஆரம்பிப்பேன் என்று சொல்கிறேன். கணக்கில் ஆரம்பிப்பேன். நான் கணக்கு எடுப்பவன் என்பதால் சொல்வதாக நினைக்க வேண்டாம். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தமிழில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, திறனறிவில் 25. கணக்கு இந்த 25-க்குள் வருகிறது. பலரும் கணக்குக்குப் பயந்து அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முடிவே இல்லாத நடப்பு நிகழ்வுகளில் போய் விழுகிறார்கள். நடப்பு நிகழ்வுகளை எவ்வளவு படித்தாலும் 'முடித்தேன்' என்று சொல்லவே முடியாது. கணக்கோ எல்லை உள்ள பகுதி: சுருக்குதல், சதவீதம், மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும். ஒவ்வொன்றையும் ஒரு வாரத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். பிடித்தது உடனே தெரியும்.

உதாரணமாக: ராமு ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், சோமு 6 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? இரண்டையும் பெருக்கினால் 72, கூட்டினால் 18, வகுத்தால் 4 நாள். போன வாரம் இந்த வகைக் கேள்வியைக் கண்டாலே தாண்டிப் போனவர் இந்த வாரம் ஒரு நிமிஷத்துக்குள் போட்டுவிடுகிறார். நான் மேலே சொன்ன முன்னேற்றம் இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது. அதோடு நீங்கள் பில்லிங்கில் இருக்கிறீர்கள். ஜிஎஸ்டியும் தள்ளுபடியும் தினமும் உங்கள் கையில்தான் ஓடுகின்றன. சதவீதம் உங்களுக்குப் பாதி முடிந்த பாடம். அதையே முதல் வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை மணி நேரம் படித்தேன் என்று அதில் எழுதாதீர்கள். மணி நேரம் நம்மை ஏமாற்றும். போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். தேதி, போட்ட கேள்வி எத்தனை, சரியானது எத்தனை, அவ்வளவுதான். தப்பானதற்குப் பக்கத்தில் மூன்று காரணங்களில் ஒன்றை எழுதுங்கள்: தெரியாது, மறந்தது, அவசரம். ஒரு மாதம் எழுதினால் உங்கள் நிலைமை உங்களுக்கே புரியும். 'அவசரம்' அதிகம் இருந்தால் இன்னும் ஒரு புத்தகம் வாங்கிப் பயனில்லை, கேள்வியை முழுசாக வாசிக்கப் பழக வேண்டும். 'மறந்தது' அதிகம் என்றால் புதுப் பாடத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பழையதைப் பாருங்கள். இந்த நோட்டை நம்பி நடந்தவர்கள் என்னிடம் மோட்டிவேஷன் கேட்டு வந்ததில்லை. எந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டு வந்தார்கள்.

நேரத்தைப் பற்றி. நாலு மணிக்கு எழுவது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதை மூன்று வருஷம் காட்டிவிட்டது, விட்டுவிடுங்கள். ராத்திரி வீடு திரும்பிச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பவர் நாலு மணிக்கு எழுந்தால் உடம்பு பத்து நாள் தாங்கும், பதினொன்றாம் நாள் கணக்கைத் தீர்த்துவிடும். தூக்கத்தைக் குறைத்து வரும் படிப்பு நினைவிலும் நிற்காது. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு படிப்பைச் சேர்த்துவிடுங்கள். காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் ஐந்து கணக்கு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் நேற்றைய தமிழ்க் கேள்விகள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் பத்து நிமிஷம். 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் மனசோடு சண்டை போட வேண்டும். 'இது முடிந்ததும் அது' என்று வைத்தால் சண்டை குறைகிறது.

இது பழக்கமாக எவ்வளவு நாளாகும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரைக் கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டது. சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. '21 நாளில் பழக்கம்' என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோகாதீர்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு ஏதும் தெரியவில்லை. உங்கள் 'பத்து நாள் படிப்பு, ஒரு மாதம் லீவு' எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் விடுகிறீர்கள். 'போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து புதுசாக ஆரம்பிப்போம்' என்று தோன்றுகிறது. திங்கள் ஒன்றாம் தேதியாகிறது, ஒன்றாம் தேதி அடுத்த நோட்டிஃபிகேஷனாகிறது. விட்ட ஒரு நாளால் நஷ்டம் இல்லை, அதற்குப் பிறகு போட்ட தேதியால்தான் நஷ்டம்.

திருப்பூர் வேலையில் ஷிப்மென்ட் வாரம் என்று ஒன்று வரும். ராத்திரி பத்து மணி வரை ஓவர்டைம் இருக்கும். அந்த வாரத்துக்கென்று தனித் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: தினமும் ஐந்தே கேள்வி, அதுவும் பழைய நோட்டிலிருந்து. புதுசாக எதுவும் வேண்டாம். ஐந்து கேள்வியால் மதிப்பெண் கூடாது. ஷிப்மென்ட் போன பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டிய பாரம் மட்டும் இருக்காது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களுக்குப் பாதிப் பிரச்சினை அங்கேதான். படிக்க உட்கார்ந்ததும் அடுப்பில் பால் வைத்திருக்கிறது என்று ஒரு குரல் வரும். விசேஷத்துக்குப் போனால், "இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா? எப்பம்மா வேலைக்குப் போகப் போற?" என்று சித்தப்பா கேட்பார், நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே. ஊர் முழுக்கப் பதில் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவரிடமாவது தெளிவாகப் பேசுங்கள்: "அம்மா, எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எந்த வேலை வேணும்னாலும் சொல்லுங்க." முக்கால் மணி நேரம் என்று எல்லை சொல்லிக் கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் ஒத்துக்கொள்கிறார்கள். 'படிக்கிறேன், தொந்தரவு பண்ணாதே' என்று பொதுவாகச் சொன்னால் எடுபடுவதில்லை. வீட்டில் முடியவே முடியாது என்றால் பக்கத்தில் இருக்கும் பொது நூலகத்துக்கு ஞாயிறு காலையாவது போய்விடுங்கள்.

கூடப் படிக்க ஒருவர் போதும். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் டெலிகிராம் குரூப்பில் காலையில் இருந்து ராத்திரி வரை பிடிஎஃப் வந்து விழும். கட் ஆஃப் எவ்வளவு இருக்கும் என்ற வாக்குவாதம் ஓடும். அதைப் பார்க்கும்போது எல்லோரும் நம்மை விட்டு வெகுதூரம் போய்விட்ட பயம்தான் வரும். ராத்திரி பத்து மணிக்கு 'இன்னைக்கு 20-க்கு 13' என்று அனுப்பவும், 'எனக்கு 11, அந்த வட்டிக் கணக்கு எப்படிப் போட்டே?' என்று திருப்பிக் கேட்கவும் ஒரு தோழி இருந்தால் அந்த குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில பேருக்கு ஊக்கம் இல்லாமல் போவது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, உடம்பில் சத்து இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி, படித்தது மண்டையில் ஏறவில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதேபோல, படிப்பு மட்டுமில்லாமல் பிடித்த எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் மனசு போகவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். இந்த நிலையில் இருப்பவரிடம் நோட்டு போடு, கணக்கு போடு என்று சொல்வது கொடுமை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025-ல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நன்றாக உழைத்த எல்லோருக்கும் இடம் கிடைக்காது, இது கணக்கு. அதனால் வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக உட்காரப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. உங்கள் சம்பளம் உங்களை நிதானமாகப் படிக்க வைக்கிறது, அதை விடாதீர்கள். எத்தனை முறை எழுதுவது என்பதையும் இப்போதே, தெளிந்த மனசோடு, நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டு முறையா, மூன்று முறையா என்பது உங்கள் விருப்பம். எல்லை இல்லாமல் படிப்பவருக்கு ஒவ்வொரு தோல்வியும் 'இன்னும் எத்தனை வருஷம்' என்ற கேள்வியைக் கொண்டுவரும், அந்தக் கேள்வியே பாதிச் சக்தியைத் தின்றுவிடும். இந்த வேலை வேண்டும் என்பது உங்கள் ஆசையா, வீட்டில் சொன்னதா என்பதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வீட்டில் சொன்னது மட்டும்தான் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் நீண்ட நாள் வேலை செய்யாது.

உங்கள் ஆசைதான் என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 குரூப் 4 தாளை ஜெராக்ஸ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்திருங்கள், போன் இன்னொரு அறையில் இருக்கட்டும். எதுவும் படிக்காமல், இன்று இருக்கிற நிலையிலேயே எழுதுங்கள். திருத்தி, தமிழ், பொது அறிவு, திறனறிவு என்று மூன்றாகப் பிரித்து மதிப்பெண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். நாலு வாரம் கழித்து 2024 தாளை அதேபோல எழுதி, பக்கத்தில் குறியுங்கள். தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வரவில்லை என்றால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் முதல் தாளில் அது 60-க்குக் கீழே இருந்தால், கணக்கை ஒரு ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பியுங்கள். எட்டாம் வகுப்பு வரையிலான இலக்கணத்தை முடித்த பிறகு கணக்குக்கு வரலாம்.